போதை தலையெழுத்தா? எலியும் மனிதனும் சொல்லும் சாட்சி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், புகை, குடி முதலிய போதைப் பழக்கங்களுக்கும் மனிதனுடைய பிறவிக்கும் என்ன சம்பந்தம் என்பதாகும். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது சரியல்ல. 2016-17-ல் இந்திய சர்க்காருக்காக எடுக்கப்பட்ட கணக்கின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 28.6 பேர், அதாவது ஏறக்குறைய 26 கோடியே 70 லட்சம் பேர், ஏதாவதொரு ரூபத்தில் புகையிலையை உபயோகித்து வந்தார்கள். பீடி, சிகரெட், சுருட்டு, பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் இதில் சேர்ந்ததுதான். சாராயக் கணக்கு இதில் சேரவில்லை. ஆகவே இந்த விஷயத்தோடு சம்பந்தமில்லாத வீடு இந்தக் கூட்டத்தில் வெகு சிலவாகத்தான் இருக்க முடியும்.

இந்தப் பழக்கம் ஒருவனை ஏன் பிடித்துக்கொள்ளுகிறது, இன்னொருவனை ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்டால் நம் மக்கள் வழக்கமாக இரண்டு பதில் சொல்லுகின்றார்கள். ஒன்று, அவன் புத்தி கெட்டவன், ஒழுக்கமில்லாதவன், மனதில் உறுதி இருந்தால் விட்டுவிட மாட்டானா என்பது. மற்றொன்று, அது அவன் தலையெழுத்து, அப்பனும் பாட்டனும் குடித்தான், இவனும் குடிக்கிறான், அந்த இரத்தம் அப்படி என்பது. முதல் பதில் சொல்லுகிறவர் அவனை வைதுவிட்டுப் போய்விடுகிறார். இரண்டாவது பதில் சொல்லுகிறவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு பேருமே அவனுக்காக ஒரு காரியமும் செய்வதில்லை. ஒரு காரியமும் செய்யாமலிருப்பதற்கு வசதியாக இருப்பதினாலேயே இந்த இரண்டு பதில்களும் இவ்வளவு நாள் செல்வாக்கோடு இருந்து வருகின்றன என்பது நமது அபிப்பிராயம்.

இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அது வாய்ப்பேச்சால் வந்ததல்ல. லட்சக்கணக்கான மனிதர்களின் உடற்கூறுகளையும், கூண்டுக்குள் இருக்கும் எலிகளின் உடற்கூறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக் கண்டது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்கு வந்திருக்கிறோம்.

பிறவியில் ஏதாவது உண்டா?

முதலாவது, பிறவிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியமாய் இருக்கும். தலைவிதிக்காரர்களின் வாயை ஒரே பேச்சில் அடைத்துவிடலாம். ஆனால் நமக்குச் சௌகரியமானது எல்லாம் உண்மையாகிவிடாது. பகுத்தறிவு என்பது நமக்குப் பிடிக்காத உண்மையையும் ஒப்புக்கொள்ளுவதாகும்.

சம்பந்தம் உண்டு என்பதற்கு ருஜு இருக்கிறது. டென்மார்க் தேசத்தில், குடிக்கு அடிமையானவர்களுடைய ஆண் குழந்தைகளில் சிறு வயதிலேயே வேறு வீட்டாருக்கு ஸ்வீகாரம் கொடுக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1973-ல் அந்த முடிவு வெளியாயிற்று. இவர்கள் பெற்ற தகப்பன் முகத்தையே அறியாமல் வளர்ந்தவர்கள். இருந்தும், குடிகாரரல்லாத பெற்றோருக்குப் பிறந்து இதேபோல் ஸ்வீகாரம் போன பிள்ளைகளைவிட இவர்களில் குடிக்கு அடிமையானவர்கள் ஏறக்குறைய நாலு மடங்கு இருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சிகளும் இதையே சொல்லுகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், இரண்டு கருவில் உண்டான இரட்டையரைவிட இந்த விஷயத்தில் அதிகமாக ஒத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஒரு ஜனக்கூட்டத்தில் மனிதனுக்கு மனிதன் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பிறவி காரணம் என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் "பாதி" என்பதற்கு அர்த்தம் தெரியாமல் யாரும் ஏமாறக்கூடாது. ஒருவன் குடிக்கிற இரண்டு கிளாசில் ஒரு கிளாஸ் அப்பன் ஊற்றியது, ஒரு கிளாஸ் இவனாக ஊற்றிக்கொண்டது என்பது அதன் அர்த்தமல்ல. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்குதான் அது. தனி ஆள் ஒருவன் குடிப்பானா மாட்டானா என்பதை அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. மேலும், மற்றப் பாதி மனிதர் அமைத்துக்கொண்ட நிலைமையைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

எலி ஏன்?

இனி, எலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

நம் ஒவ்வொருவர் உடம்பிலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அணுவுக்குள், உடம்பைக் கட்டுவதற்கு வேண்டிய குறிப்பெல்லாம் நாலே நாலு எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் குறிப்பில் ஒரு வாசகத்துக்குத்தான் மரபணு என்று பெயர். மனிதனுடைய முழுக் குறிப்பின் முதல் நகல் 2001-ல் வெளியாயிற்று. சுண்டெலியினுடையது 2002-ல் வெளியாயிற்று. இரண்டையும் ஒத்துப் பார்த்தபோது, சுண்டெலியின் மரபணுக்களில் 100-க்கு ஏறக்குறைய 99-க்கு மனிதனிடத்திலும் ஒத்த மரபணு இருப்பதாகத் தெரிந்தது. நமக்கும் எலிக்கும் பொதுவான மூதாதை ஒன்று சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது. அதிலிருந்து இரண்டு கிளையும் பிரிந்தன.

மனிதனைக் கடவுள் தனியாகக் களிமண்ணில் பிடித்து வைத்தார், மற்ற ஜந்துக்களோடு அவனுக்கு உறவில்லை என்று பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் வந்தால், எலிக்குக் கொடுத்துப் பார்த்துச் செய்த மாத்திரையைத்தான் அவர்களும் விழுங்குகிறார்கள். எலிக்கும் மனிதனுக்கும் உறவில்லையென்றால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்யும்? உறவு கிடையாதென்று வாய் சொல்லுகிறது, உண்டென்று வயிறு ஒப்புக்கொள்ளுகிறது.

எலியிடத்தில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. மனிதனை எடுத்துக்கொண்டால், அவனுக்குக் கடன் இருக்கும், மனைவியோடு சண்டை இருக்கும், கூடக் குடிக்கச் சிநேகிதன் இருப்பான், வீட்டு வாசலிலேயே கடை இருக்கும். இதில் எது பிறவியால் வந்தது, எது நிலைமையால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். எலிகளையோ ஒரே மாதிரிக் கூண்டில், ஒரே தீனியில் வளர்க்கலாம். 1959-ல் அமெரிக்காவில் மக்கிளேர்ன், ராட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். பல தலைமுறையாகத் தனித்தனியே வளர்க்கப்பட்ட சுண்டெலி வம்சங்களை எடுத்து, ஒவ்வொரு கூண்டிலும் ஒரு புட்டியில் தண்ணீரும் மற்றொரு புட்டியில் சாராயம் கலந்த தண்ணீரும் வைத்தார்கள். சி57 என்னும் வம்சத்து எலிகள் சாராயப் புட்டியையே விரும்பிக் குடித்தன. டி.பி.ஏ. என்னும் வம்சத்து எலிகள் அதைத் தொடவே வெறுத்தன. அந்த எலிகளுக்கு ஒழுக்கம் போதித்தவர்களும் இல்லை, அவற்றைக் கெடுத்த கெட்ட சிநேகிதர்களும் இல்லை. சாராயத்தை வெறுத்த எலி பக்தியுள்ள எலியும் அல்ல.

மனிதர் காட்டிய இடம்

இனி ஒரே ஒரு மரபணுவின் கதையைச் சொல்லுகிறோம். மனிதக் கணக்கும் எலிக் கணக்கும் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன என்பது இதிலிருந்து நன்றாக விளங்கும்.

புகையிலையில் நம்மைப் பிடித்து வைக்கும் வஸ்து நிகோடின். மூளையின் நரம்பணுக்களின்மேல் சிறுசிறு கதவுகள் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். உடம்பு தானே உண்டாக்கும் ஒரு வஸ்துவுக்குத் திறக்க வேண்டிய கதவு நிகோடினுக்கும் திறந்துகொள்ளுகிறது. கள்ளச்சாவி போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவும் ஐந்து பலகைகள் சேர்ந்து ஆனது. பலகைகளில் பல தினுசு உண்டு. அதில் ஒரு தினுசுக்கு ஆல்பா-5 என்று பெயர். அதைச் செய்யும் மரபணு மனிதனுடைய 15-வது குரோமோசோமில் இருக்கிறது.

2008-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மூன்று தனித்தனி ஆராய்ச்சிக் கூட்டத்தார், பல ஆயிரம் பேருடைய எழுத்துக்களை ஒத்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த 15-வது குரோமோசோமின் ஒரே இடத்தை விரல் வைத்துக் காட்டினார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களிடத்தில் அங்கே ஒரு குறிப்பிட்ட எழுத்து அதிகமாகக் காணப்பட்டது. இது புற்றுநோயை நேராக உண்டாக்கும் எழுத்தாக இருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். ஐஸ்லாந்து தேசத்தை மூலமாகக் கொண்ட கூட்டத்தாரோ, அந்த எழுத்து உள்ளவன் நாளொன்றுக்கு அதிகமாகப் புகைக்கிறான், விட முடியாமல் தவிக்கிறான், அதிகம் புகைப்பதால்தான் புற்றுநோய் வருகிறது என்றார்கள். வித்தியாசம் பெரிதல்ல. ஒரு எழுத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு சிகரெட்தான். ஆனால் முப்பது வருஷம் புகைக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்றால் பத்தாயிரத்துக்குமேல் ஆகிறது.

யார் சொன்னது சரி? பின்னால் வந்த பெரிய ஆராய்ச்சிகளில், புகையே தொடாதவர்களிடத்தில் இந்த எழுத்து நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை. நிகோடின் உடம்பில் செலவான பிறகு மிஞ்சும் கோட்டினின் என்ற வஸ்துவை அளந்து, 2012-ல் வெளியிட்ட கணக்கும், நோய் பெரும்பாலும் புகையின் வழியாகவே வருகிறது என்று காட்டிற்று. இதை நன்றாக ஞாபகத்தில் வையுங்கள். புகையிலையே இல்லாத ஊரில் பிறந்தவனிடத்தில் இந்த எழுத்து இருந்து என்ன, இல்லாமல் என்ன? நெருப்பு வைக்காத வீட்டில் கூரை ஓலையா ஓடா என்பது போலத்தான்.

எலி சொன்ன காரணம்

மனிதக் கணக்கு இடத்தைக் காட்டிற்று. ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. அந்த எழுத்து மாறினால் ஒரு மனிதன் ஏன் அதிகமாகப் புகைக்க வேண்டும்? நிகோடின் அவனுக்கு அதிக இன்பம் கொடுக்கிறதா? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆசை அதிகமுள்ளவன் அதிகமாக அனுபவிக்கிறான் என்பதுதானே நம் பெரியவர்களும் சாமியார்களும் காலங்காலமாகச் சொல்லி வந்தது!

2011-ல் அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்திலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பால் கென்னி என்பவருடைய கூட்டத்தார் இதற்குப் பதில் கண்டார்கள். ஆல்பா-5 மரபணுவே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறு கட்டையை அழுத்தினால் இரத்தக் குழாயில் கொஞ்சம் நிகோடின் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். சாதாரணச் சுண்டெலியும் நிகோடினுக்காகக் கட்டையை அழுத்தியது. ஆனால் அளவைக் கூட்டக் கூட்ட, ஒரு எல்லைக்குமேல் அது தானாகவே அழுத்துவதைக் குறைத்துக்கொண்டது. ஏனெனில் நிகோடின் அதிகமானால் குமட்டும், உடம்பு வெறுக்கும். முதல் பீடி குடித்த அன்று உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆல்பா-5 இல்லாத எலியோ, அளவு கூடியும் குறைத்துக்கொள்ளவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தது.

அந்த எலிக்கு நிகோடினால் கிடைத்த இன்பம் கூடவில்லை. "போதும்" என்று சொல்லும் குரல்தான் குறைந்துபோயிற்று. மூளையின் நடுவில் ஹபெனுலா என்று ஒரு சிறு பாகம் இருக்கிறது. நிகோடின் அதிகமாகும்போது அங்கிருந்துதான் வெறுப்புச் செய்தி கிளம்புகிறது. அந்தச் செய்திக்கு ஆல்பா-5 பலகை வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் அந்த மரபணுவை ஹபெனுலாவில் மாத்திரம் திரும்பப் புகுத்திப் பார்த்தார்கள். எலி பழையபடி அளவோடு நிறுத்திக்கொண்டது. பெரிய ரக எலிகளில் அந்த இடத்தில் மாத்திரம் ஆல்பா-5-ஐக் குறைத்தார்கள். அவை அதிகமாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

பிறகு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், மனிதனிடத்தில் காணப்பட்ட அதே எழுத்து மாற்றத்தை எலியின் மரபணுவில் எழுதிவிட்டுச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எலிகள் அதிக அளவு நிகோடினை எடுத்துக்கொண்டன. நிறுத்தி வைத்த பிறகு மறுபடியும் அதைத் தேடிப் போவதும் அவற்றில் அதிகமாக இருந்தது.

தோழர்களே! இதன் அர்த்தம் என்ன? "உனக்கு ரோஷம் இல்லையா, போதும் என்று தோன்றவில்லையா?" என்று எந்த மனிதனை வீட்டாரும் ஊராரும் வைகிறார்களோ, அவனுடைய மூளையில் அந்தப் "போதும்" என்கிற மணி மெதுவாக அடிக்கிறதாய் இருக்கலாம். மணி மெதுவாக அடிப்பவனை வைதால் மணி பலமாக அடிக்குமா?

இரண்டும் ஏன் வேண்டும்?

ஒரு மரபணுவோடு கதை முடிந்துவிட்டால் சுலபந்தான். 2019-ல் 12 லட்சம் பேர் வரையில் சேர்த்து எடுத்த ஒரு பெருங்கணக்கில், புகை, குடி பழக்கங்களோடு சம்பந்தப்பட்ட 566 எழுத்து மாற்றங்கள் 406 இடங்களில் காணப்பட்டன. ஒவ்வொன்றின் பலமும் வெகு சொற்பம். 566 பெயரை வைத்துக்கொண்டு வைத்தியர் என்ன செய்வார்? எது குற்றவாளி, எது பக்கத்து வீட்டுக்காரன் என்று அந்த ஜாபிதாவே சொல்லாது.

எலிப் பக்கத்திலும் இதே போன்ற ஜாபிதாக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் எலிக்குக் கடன் இல்லை, கூலி இல்லை, கடைத்தெரு இல்லை. எலியிடத்தில் கண்டதையெல்லாம் மனிதனுக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆகவே இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே விசாரித்து, இரண்டு பேரும் ஒத்துச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மெயின் மாகாணத்து ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலையில் ஜீன்வீவர் என்ற பெயரில் இதற்காகவே ஒரு பெரிய பேரேடு வைத்து, மனிதன், சுண்டெலி, பெரிய எலி, ஈ, மீன் முதலிய பல ஜீவன்களிடத்தில் கிடைத்த மரபணு ஜாபிதாக்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒத்துப் பார்க்கிறார்கள். ஒரே பெயர் பல ஜீவன்களின் ஜாபிதாவிலும் திரும்பத் திரும்ப வந்தால் அதை முதலில் கவனிப்பது என்பது முறை. ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லுவது கோர்ட்டிலும் ஆபத்து, விஞ்ஞானத்திலும் ஆபத்து.

எழுத்து விதியாகுமா?

இப்போது தலைவிதிக்காரர் எழுந்து, "பார்த்தீரா, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது என்று நீரே ஒப்புக்கொண்டீரே!" என்று சொல்லக் கூடும். அவருக்கு ஜப்பான் தேசத்தின் கணக்கு ஒன்றைச் சொல்லுகிறோம்.

சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் ஒரு விஷமாக மாறுகிறது. பிறகு ஈரலிலுள்ள ஒரு வஸ்து அந்த விஷத்தை முறித்துவிடுகிறது. ஜப்பானியர், சீனர், கொரியர் ஆகியவர்களில் பலருக்குப் பிறவியிலேயே இந்த முறிக்கும் சக்தி குறைவு. ஆகவே ஒரு கிளாஸ் குடித்தாலே முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தி வரும்போல் ஆகிவிடும். இந்த மரபணுவை எடுத்துவிட்ட சுண்டெலிகளும் சாராயத்தைக் குறைத்துக்கொண்டன. இங்கும் மனிதனும் எலியும் ஒரே சாட்சிதான் சொல்லுகிறார்கள். 1948-ல் டென்மார்க் வைத்தியர்கள் குடியை நிறுத்துவதற்கென்று வெளியிட்ட டைசல்பிராம் என்ற மருந்தும், இதே வஸ்துவைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது.

இப்படிப் பிறவியே காவல் காக்கும்போது, தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து அந்த எழுத்தைப் பெற்றவர்கள் குடிக்கு அடிமையாவது அபூர்வமாகத்தானே இருக்க வேண்டும்? ஜப்பானில் குடிநோய்க்கு ஆளானவர்களில் அப்படிப்பட்டவர்கள் 1979-ல் 100-க்கு 2.5 பேர். 1986-ல் 8 பேர். 1992-ல் 13 பேர். பதின்மூன்று வருஷத்தில் ஐந்து மடங்கு! பதின்மூன்று வருஷத்தில் ஒரு ஜனசமூகத்தின் மரபணு மாறிவிடுமா? மாறாது. மாறியது ஊர்நிலைமை. கிடைக்கும் சரக்கு, விற்கும் முறை, கூடிக் குடிக்கும் கட்டாயம் முதலியவைதான் மாறுகின்றன. பிறவி போட்ட பலமான வேலியையே நிலைமை தாண்ட வைக்கிறதென்றால், பிறவி கொடுத்த சிறு பலவீனத்தை நல்ல நிலைமை தாங்கிப் பிடிக்காதா?

அதற்கும் எலியிடத்தில் ருஜு உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் எலிகளைப் போதை மருந்துக்குப் பழக்கிவிட்டு, ஒரு பக்கம் மருந்தும் மற்றொரு பக்கம் இன்னொரு எலியின் சகவாசமும் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, எலிகள் திரும்பத் திரும்பச் சகவாசத்தையே தேர்ந்தெடுத்தன. குடிக்கிறவனை முதலில் வீட்டுத் திண்ணைக்கும் பிறகு தெருவுக்கும் ஒதுக்கி வைக்கும் நாம் இந்த எலிக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பழைய புரட்டு, புது வேஷம்

இனி ஒரு எச்சரிக்கை. பிறவி என்ற பேச்சு எடுத்தாலே, அதைத் தடியாக்கி அடுத்தவன் தலையில் போட நினைப்பவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி 1933-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி ஒரு சட்டம் செய்தது. பரம்பரை நோயாளிகள் பிள்ளை பெறாமல் அறுத்துவிடலாம் என்பது அச்சட்டம். அதில் கடுமையான குடிகாரரையும் சேர்த்திருந்தார்கள். அன்று மரபணு இன்னதென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

நம் நாட்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1911-ன் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் முதலிய பல கூட்டத்தார், குற்றம் செய்யாமலே, பிறந்த காரணத்துக்காகக் கைரேகை வைக்கவும் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகவும் வேண்டியிருந்தது. சென்னையில் 1947-லும் இந்தியா முழுமைக்கும் 1952-லும் அது ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, பேச்சு ஒழியவில்லை. "அந்த ஜாதிக்கே குடி இரத்தத்தில் ஊறியது" என்று சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் மரபணுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் வரலாம்.

அவர்களுக்கு இப்போதே பதில் சொல்லி வைக்கிறோம். ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் பிறவிக்குப் பங்கு உண்டு என்பதிலிருந்து, ஒரு கூட்டத்துக்கும் மற்றொரு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பிறவியால் வந்தது என்று சொல்ல வழியே கிடையாது. ஒரே விதையை இரண்டாகப் பங்கிட்டு, ஒன்றை வண்டல் நிலத்திலும் ஒன்றைக் களர் நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் செடிக்குச் செடி வித்தியாசம் விதையால் இருக்கும். ஆனால் இரண்டு நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் மண்ணால் வந்தது. நாளெல்லாம் முதுகு ஒடிய வேலை வாங்கி, அரை வயிற்றுக் கூலி கொடுத்து, சேரி வாசலில் கடையும் வைத்துவிட்டு, குடிப்பது அவன் இரத்தம் என்று சொல்லுவது எவ்வளவு அயோக்கியத்தனம்! மேலும், இதுவரை எடுத்த மரபணுக் கணக்குகளில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தார். ஆல்பா-5-ன் அந்த எழுத்து ஐரோப்பியரிடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணப்படுகிறது. ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் அபூர்வம். அங்கே எடுத்த கணக்கை இங்கே ஒரு ஜாதியின் நெற்றியில் ஒட்ட ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

கடைசியாக, காரியத்துக்கு வருவோம். உங்கள் குடும்பத்தில் குடிக்கோ புகைக்கோ அடிமையானவர்கள் பலர் இருந்திருந்தால், அதை மறைக்க வேண்டியதுமில்லை, அதற்காக வெட்கப்பட வேண்டியதுமில்லை. சர்க்கரை வியாதியுள்ள குடும்பத்தில் பிள்ளைகளை எச்சரிப்பதுபோல், "நமக்கு மற்றவர்களைவிட நிறுத்துவது கஷ்டமாக இருக்கலாம், ஆகவே நீ ஆரம்பிக்காதே" என்று பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லுங்கள். ஆரம்பிக்காதவனை எந்த எழுத்தும் அடிமையாக்க முடியாது.

பழக்கத்தில் சிக்கியவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டுவதைவிட டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கயிறு ஹபெனுலாவைப் போய்ச் சேராது. புகையை விடுவதற்கு வாரெனிக்கிளின் என்ற மருந்து இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்து ஜாபிதாவிலும் சேர்க்கப்பட்டது. இது நாம் மேலே சொன்ன ஆல்பா-5 ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. ஆனால் அதே ரகக் கதவுகளில்தான் இதுவும் வேலை செய்கிறது. கதவை அரைகுறையாகத் திறந்து வைத்து, நிகோடின் நுழைய இடமில்லாமல் செய்துவிடுகிறது. குடியைப் பொறுத்தமட்டில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். பல வருஷம் தினசரி அதிகமாகக் குடித்தவன் வீறாப்பில் ஒரே நாளில் நிறுத்தினால், கை நடுக்கம், வலிப்பு, பித்தம் பிடித்தாற்போன்ற பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் கட்டிப் போடுவதும் சத்தியம் வாங்குவதும் அவனைக் கொன்றாலும் கொல்லும். வைத்தியர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே தோழர்களே! தலையெழுத்து என்று ஒன்று இருப்பதாகச் சொல்லிவந்தவர்கள் அதை எழுதினவன் ஒருவனே படிக்க முடியும் என்றார்கள். இப்போது நம் உடம்பில் இருக்கும் எழுத்தை நாமே படிக்க ஆரம்பித்துவிட்டோம். நமக்குப் படிப்பித்தவர்களில் ஒரு எலியும் உண்டு. படிக்க முடிந்த எழுத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. குடிக்கிறவனைப் பாவி என்று வைவதையும், விதி என்று கைவிடுவதையும் இன்றோடு விட்டுவிட்டு, வைத்தியத்துக்கு வழி செய்யுங்கள். கடையைக் குறைக்கவும், கூலியை உயர்த்தவும், ஆஸ்பத்திரியில் இதற்கென்று இடம் ஒதுக்கவும் சர்க்காரைக் கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.